வயிறு என்ன சொல்லுது?

கேப்டன் சுடர்விழியின் வயிறு பேசும். பசித்தால் யார் வயிறும்தான் பேசும், அதில் என்ன அதிசயம்? இது வேறு பேச்சு. விமானத்தில் ஏதோ சரியில்லை என்றால் கம்ப்யூட்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்கு அடிவயிற்றைப் பிசையும். ஒருமுறை தூத்துக்குடிக்குக் கிளம்புகிற நேரத்தில் பிசைந்தது. திரையில் எல்லாம் பச்சை. ஆனாலும் இறங்கிப் போய் விமானத்தை இன்னொரு தரம் சுற்றி வந்தாள். இடது சக்கரத்துக்கு மேலே, டார்ச் அடித்தால் மட்டும் தெரிகிற ஓர் இடுக்கில், பிரேக் எண்ணெய் விரல் நீளத்துக்குக் கசிந்திருந்தது.

"இன்னா மேடம், மோப்பம் புடிச்சிட்டீங்களா?" என்றார் பொன்னுரங்கம். நெய்தல் ஏர் விமானங்களுக்கு முப்பது வருஷமாகப் பழுது பார்க்கிற இன்ஜினீயர், பல்லாவரத்துக்காரர்.

"இல்லண்ணே. வயித்தைக் கலக்குச்சு, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அது அவளுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு விமானத்திலும் டெக் லாக் என்று ஒரு பழுதுப் பதிவேடு இருக்கும். ஒரு பல்பு எரியாவிட்டாலும் அதில் எழுத வேண்டும். இன்ஜினீயர் சரிசெய்து கையெழுத்துப் போடுவார், அதற்குக் கீழே கேப்டன் போட வேண்டும். பாதுகாப்புக் கருவி ஏதாவது பழுது என்று அதில் எழுதிவிட்டால் முடிந்தது. சரிசெய்கிறவரை, உள்ளே அமைச்சரே உட்கார்ந்திருந்தாலும், விமானம் ஓர் அங்குலம் நகராது. சுடர்விழி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துக் கேட்பாள்: "வயிறு என்ன சொல்லுது?"

'சரியில்லை' என்று பதில் வந்தால் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பாள். பத்து நிமிஷம் தாமதமாகும், கம்பெனிக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். கடிக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

இதெல்லாம் பட்டை வருவதற்கு முன்னால்.

மூன்று வருஷத்துக்கு முன் நெய்தல் ஏர் விமானம் ஒன்று கடலில் விழுந்து அறுபத்தொரு பேர் செத்துப்போனார்கள். விமானத்தில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. ஓர் அலாரம் தப்பாக அடித்தது, ஓட்டியவர்கள் இருவரும் கதிகலங்கிப் போனார்கள். அந்த விபத்தை விசாரித்த குழுவில் இருந்துவிட்டு வந்த கேப்டன் தாவூத்துக்கு அந்த ஒரே மாதத்தில் முன்தலை முழுக்க நரைத்திருந்தது. தாவூத்தும் சுடர்விழியும் ஒரே வகுப்பில் விமானம் ஓட்டக் கற்றவர்கள். இப்போது அவன் கம்பெனி நிர்வாகத்தில், விமானிகள் எல்லோருக்கும் மேலதிகாரி. ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கடுக்காய் நிறத்தில் ஒரு மெல்லிய பட்டையை மேஜைமேல் வைத்தான்.

"நாப்பது செகண்ட், சுடர். அந்தக் காக்பிட் ரெக்கார்டிங்கை நான் பன்னெண்டு தடவை கேட்டேன். ரெண்டு பேரும் கத்திட்டே இருக்காங்க. ஒரே ஒரு லீவரை முன்னால தள்ளியிருந்தா போதும். தள்ளல. பயம் கையைக் கட்டிப் போட்டுடுச்சு."

"அதுக்கு இது என்ன செய்யும்?"

"பயத்தை எடுத்துடும். காதுக்குப் பின்னால ஒட்டிக்கணும். நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சதும் இதுக்குத் தெரிஞ்சிடும். மெல்லிசா ஒரு கரன்ட் விடும், உனக்குத் தெரியவே தெரியாது. பயம் தலைக்கு ஏறுறதுக்குள்ள அடங்கிடும். புத்தி மட்டும் வேலை செய்யும்."

"கழட்டினா?"

"பத்து நிமிஷத்துல பழையபடி ஆயிடுவே. டாக்டருங்க எழுதியே கொடுத்திருக்காங்க."

உண்மையைச் சொல்ல வேண்டும். பட்டையை எல்லோருக்கும் பிடித்திருந்தது. சுடர்விழிக்கும்தான். இடிமேகத்துக்குள் போய் வந்த அன்றுகூட வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். இரத்தக் கொதிப்பு இறங்கியது. வயிற்றுக் கேள்வியை அவள் கேட்காமல் விடவில்லை, ஆனால் பதில் எப்போதும் 'நல்லா இருக்கு' என்றே வந்தது. சரி, விமானங்கள் நல்ல நிலைமையில் இருக்கின்றன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாவி மனம் அப்படித்தான் நினைக்கும்!

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, சென்னையிலிருந்து போர்ட் பிளேயர்.

பக்கத்தில் கோ-பைலட் டெல்சி. ஆரோக்கிய டெல்சி, நாகப்பட்டினத்துப் பெண், இருபத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பட்டையோடு பறந்தவள். தீவின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓடுதளம் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தீவுக்குப் போகிற விமானிகளுக்கு ஒரு விதி உண்டு. திரும்பிச் சென்னைக்கு வரத் தேவையான எரிபொருள் மட்டும் மிச்சமிருக்கிற அந்த நிமிஷத்தில் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். சுற்றிலும் கடல், வேறு போக்கிடம் கிடையாது. சுடர்விழி திருப்பவில்லை. விதி மறந்துபோகவில்லை, முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அவசரம் எதுவும் தோன்றவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சுற்றி, மழை சற்றே விலகிய இடைவெளியில் இறங்கினாள். பயணிகள் கை தட்டினார்கள். தொட்டியில் பதினொரு நிமிஷத்துக்கு எரிபொருள் இருந்தது.

ஹோட்டல் அறைக்கு வந்து, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். தண்ணீரைத் திறந்தாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். பதினொரு நிமிஷம்! நூற்று எழுபது பேர்! வர வேண்டிய பயம் மணிக்கணக்கில் தாமதமாக வந்து அவளைப் போட்டு உலுக்கியது. மறுநாள் சென்னையில் இறங்கியதும் டெக் லாக்கில், பாதுகாப்புக் கருவிகள் என்ற பகுதியில், பட்டையை அவள் பழுது என்று எழுதினாள். கம்பெனி, சோதித்தோம், பட்டை நன்றாகவே வேலை செய்கிறது என்று பதில் எழுதியது. நன்றாக வேலை செய்ததுதானே அவளுடைய புகார்!

மற்ற விமானிகளிடம் பேசினாள். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. மாதக்கணக்கில் மனு எழுதினார்கள், பதில் இல்லை. அதுவரை பட்டையோடுதான் பறந்தார்கள், விதி அப்படி. எட்டாவது மாதம் நாற்பத்து மூன்று பேர் சீருடையோடு ஓய்வறைக்கு வந்து, பட்டைகளைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டார்கள். பட்டை இல்லாமல் பறக்கத் தயார், பட்டையோடு பறக்க மாட்டோம் என்றார்கள்.

கம்பெனி அன்று மாலையே நோட்டீஸ் அனுப்பியது. பட்டை சட்டப்படி பாதுகாப்புக் கருவி. அதைப் போட மறுப்பது பாதுகாப்பு விதியை மீறுவது. ஐந்து நாளில் திரும்பாவிட்டால் வேலை போகும், லைசென்ஸும் போகும்.

ஐந்து நாளும் விமான நிலையம் அல்லோலகல்லோலப்பட்டது. இரண்டாம் நாள் சுடர்விழி வாசலில் நின்று பத்திரிகைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பெயர் குழந்தைவேலு. போர்ட் பிளேயரில் இரும்புக்கடை. கையில் சணல் கட்டிய ஓர் அட்டைப்பெட்டி.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை எம்பொண்ணுக்கு வளைகாப்பு. வளையல் வாங்க வந்தவன் இங்கியே கெடக்கேன். உங்களுக்கு நல்லதுக்குத்தானே ஒரு மெஷின் கொடுக்குறாங்க? அதை மாட்டிக்கிட்டு ஓட்டுறதுக்கு என்ன கேடு? பயந்தாங்கொள்ளிங்களா!"

"நாங்க பயப்படணும்ங்கிறதுக்காகத்தான் சார் இந்தச் சண்டையே" என்றாள் சுடர்விழி.

அவர் காறித் துப்பாத குறை. சுற்றி நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள், யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். அது அவள் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது, 'அஞ்சாத கேப்டன்' என்ற தலைப்போடு. அதைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது. பதினெட்டு வருஷ வேலை போகப்போகிறது, வீட்டுக் கதவில் யாரோ மிரட்டல் காகிதம் ஒட்டிவிட்டுப் போகிறார்கள், இவளோ எதற்கும் அசையவில்லை. நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூட அசையவில்லை. நியாயம் நம் பக்கம் இருந்தால் தைரியம் தானாக வரும் என்று பேட்டி கொடுத்தாள்.

நான்காம் நாள் தாவூத் பேச்சுவார்த்தைக்கு அழைத்தான். அவளும் டெல்சியும் போனார்கள்.

"அறுபத்தோரு பேர், சுடர். மறுபடி அது நடந்தா நீ பதில் சொல்லுவியா?"

"ஒரு ரெக்கார்டிங்கை பன்னெண்டு தடவை கேட்டேன்னு சொன்னியே. இன்னொண்ணை ஒரு தடவை கேளு."

போர்ட் பிளேயர் பயணத்தின் காக்பிட் பதிவு அது. கம்பெனி அலமாரியில் யாரும் கேட்காமல் கிடந்ததை மனு போட்டு எடுத்திருந்தார்கள். டெல்சி பொத்தானை அழுத்தினாள். முதலில் மழைச் சத்தம். பிறகு எரிபொருள் அலாரம், விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவே இரண்டு பெண்களின் குரல்.

"டெல்சி, ஹோட்டல்ல இன்னிக்கு நண்டு போடுவாங்களா?"

"நண்டு வெள்ளிக்கிழமைதான் மேடம். இன்னிக்கு சூரை மீன்."

"சூரையா? சரி. எரிபொருள் எவ்வளவு இருக்கு?"

"திரும்பிப் போகப் பத்தாது மேடம்."

"அப்படியா. இன்னொரு சுத்து பாக்கலாம்."

அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. சூரை மீனைப் புளி விட்டுச் செய்வதா, தேங்காய் அரைத்துச் செய்வதா என்று பேச்சு போயிற்று. நடுவில் ஒரு சிரிப்புக்கூட. தாவூத் நான்கு நிமிஷம் கேட்டான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"நிறுத்து" என்றான். "அல்லாவே... நிறுத்தும்மா."

அவன் கை மேஜைமேல் நடுங்கியது. நிர்வாகத்துக்குப் போன அவன் ஒருநாளும் பட்டை போட்டதில்லை. மறுநாள் காலையில் கம்பெனி உத்தரவு வந்துவிட்டது. பட்டை கட்டாயமில்லை. முதல் விமானம் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, சென்னையிலிருந்து போர்ட் பிளேயர். ஓட்டுகிறவர்கள் கேப்டன் சுடர்விழியும் டெல்சியும்.

வியாழக்கிழமை விமான நிலையத்தில் மாலை, பூங்கொத்து, கேமரா, எல்லாம் இருந்தன. சுடர்விழி சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, வழக்கம்போல் விமானத்தைச் சுற்றிவரக் கீழே இறங்கினாள். பொன்னுரங்கம் கூடவே வந்தார்.

"டிவில பாத்தேன் மேடம். பாட்டில் வந்து மேல வுழுது, நீங்க சிலையாட்டம் நிக்கிறீங்க. எம்பொண்டாட்டி இன்னா சொன்னா தெரியுமா..."

அவர் முடிக்கவில்லை. பெட்டிகளை இழுத்துவரும் டிராக்டர் ஒன்று இறக்கைக்குப் பின்னாலிருந்து பிரேக் பிடிக்காமல் வந்துவிட்டது. ஓட்டுகிறவன் அலறினான். பொன்னுரங்கம் அவள் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். டிராக்டர் ஒரு சாண் தள்ளிப் போய்த் தடுப்பில் மோதி நின்றது.

"ஐயோ ஐயோ ஐயோ" என்று பொன்னுரங்கம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. "இன்னா மேடம் நீங்க! வண்டி வர்றத பாத்துக்கினேதான இருந்தீங்க! ஏன் மேடம் நவுரல?"

சுடர்விழி எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினாள். ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வண்டி வருகிறது, மோதும் என்று தெரிந்தது. நகர வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள். விரல்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. மணிக்கட்டில் நாடியைப் பிடித்தாள். நிமிஷத்துக்கு அறுபத்தாறு. இன்னொரு கையால் காதுக்குப் பின்னால் தடவினாள். அங்கே வெறும் தோல். பட்டையைக் கழற்றி ஏழு நாளாகிறது.

மேலே காக்பிட்டுக்கு ஏறி வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தாள். டெக் லாக் மடியில் இருந்தது. பேனாவைத் திறந்தாள்.

"டெல்சி. வயிறு என்ன சொல்லுது?"

"நல்லா இருக்கு மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எனக்கு அது எப்பவுமே ஒண்ணும் சொன்னதில்ல மேடம். நீங்க கேக்குறீங்களேன்னு 'நல்லா இருக்கு'ன்னு சொல்லுவேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"சின்ன வயசுல பயந்திருப்பே இல்ல?"

"சின்ன வயசுல கடலைப் பாத்தாலே பயம். அம்மாவோட சேலையைப் புடிச்சிட்டு நிப்பேன்." அவள் வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னாள். "இப்ப இல்ல."

சுடர்விழி கண்ணை மூடிக்கொண்டு வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். பதினொரு நிமிஷ எரிபொருள். ஒன்றுமில்லை. கடலில் விழுந்த அறுபத்தொரு பேர். ஒன்றுமில்லை. அந்த ஹோட்டல் குளியலறைத் தரை. அங்கே வாந்தி எடுத்தது ஞாபகம் இருந்தது, எப்படி இருந்தது என்பது ஞாபகம் இல்லை. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு எட்டு மாதம் பட்டையோடு பறந்திருக்கிறாள், எங்கேயோ ஓரிடத்தில் பயம் செத்துப்போயிருக்கிறது. தண்ணீர் பாட்டில், நோட்டீஸ், கதவில் ஒட்டிய காகிதம்... அடக் கடவுளே, தைரியமா அது? நாற்பத்து மூன்று பேரும் அப்படி அசையாமல் நின்றோமே, அதை நியாயத்தின் பலம் என்று பேட்டி வேறு கொடுத்தேனே! அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமாவது மிச்சமிருக்கிறதே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

"டெல்சி, நாம ரெண்டு பேரும் இதை ஓட்டக் கூடாது."

டெல்சிக்கு உடனே புரிந்தது. புத்தி எல்லோருக்கும் நன்றாகத்தான் வேலை செய்தது. "எழுதினீங்கன்னா நம்ம நாப்பத்து மூணு பேரையும் சோதிப்பாங்க மேடம். ஒருத்தருக்கும் லைசென்ஸ் மிஞ்சாது."

"ஆமா."

"ஜெயிச்சிட்டோம்னு எல்லாரும் வீட்டுல ஸ்வீட் சாப்பிட்டுட்டு இருப்பாங்க."

"ஆமா."

இதைக்கூட இரண்டு பேரும் பதறாமல்தான் பேசிக்கொண்டார்கள். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வானம் தெளிவாக இருந்தது, இன்று போய்ச் சேர்ந்தும் விடுவார்கள். நாளையும் சேர்ந்துவிடுவார்கள். என்றைக்காவது ஒருநாள் மழை பெய்யும். வண்டியைத் திருப்ப வேண்டிய நிமிஷம் வரும், இவர்கள் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அடிவயிறு பிசைந்து அவளை எச்சரிக்கவில்லை. பதினெட்டு வருஷமாகக் கை பழகிய ஒரே வேலை, பழுதைப் பார்த்தால் எழுதுவது. எழுதினாள்.

பொன்னுரங்கம் கையெழுத்துப் போட மேலே வந்தார். இன்னும் அவர் சட்டையில் தார் தூசி. டெக் லாக்கை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'பாதுகாப்புக் கருவி பழுது. கேப்டனின் பயம் வேலை செய்யவில்லை.'

அதற்குக் கீழே டெல்சியின் கையெழுத்தில்: 'துணை விமானியினுடையதும்.'

பொன்னுரங்கம் இரண்டு தடவை படித்தார். பழுது என்று எழுதினால் இன்ஜினீயர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர் அதைத்தான் கேட்டார். "எப்பலேர்ந்து மேடம்?"

"தெரியலண்ணே. தெரிஞ்சிருந்தா அப்பவே எழுதியிருப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷத்தில் அவர் சரிசெய்ய முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் பழுது அது.

சுடர்விழி மைக்கில் சொல்ல விரும்பவில்லை. கதவைத் திறந்துகொண்டு பயணிகள் முன்னால் போய் நின்றாள். முதல் வரிசையில் குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார், மடியில் அதே அட்டைப்பெட்டி. வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு அதுதான் அவருடைய கடைசி விமானம். அவளைப் பார்த்ததும் சமாதானமாகச் சிரித்தார்.

"மன்னிக்கணும்" என்றாள் அவள். "நாங்க ரெண்டு பேரும் இந்த விமானத்தை ஓட்டப் போறதில்ல. வேற ஆள் வர்றவரைக்கும் இது கிளம்பாது."

ஒரே கூச்சல். குழந்தைவேலு சிரிப்பை விழுங்கிக்கொண்டு எழுந்தார். "அதான் எல்லாத்தையும் கழட்டிட்டீங்களே! இன்னும் என்னம்மா பயம் உங்களுக்கு?"

"பயம் இல்ல சார்."

"பின்ன?"

"பயமே வரமாட்டேங்குது. இப்பக் கீழ ஒரு வண்டி என்மேல ஏற வந்துச்சு. நான் பாத்துக்கிட்டு சும்மா நின்னேன். கடலுக்கு மேல ஏதாவது ஆச்சுன்னாலும் அப்படித்தான் நிப்பேன். உங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு."

குழந்தைவேலு அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபமோ கலக்கமோ எதுவும் இல்லாததைப் பார்த்தார். மெதுவாக ஓர் அடி பின்வாங்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவர் கைகள் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தன. பெட்டிக்குள்ளே கண்ணாடி வளையல்கள் கலகலவென்று சத்தமிட்டன.

அவர் இறங்கிப் போகும்வரை சுடர்விழி அங்கேயே நின்று, அந்தச் சத்தத்தை ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.